தகவல் துளி: ஜானகி டீச்சர்

நாடக, திரைப்பட வசனகர்த்தா கிரேஸி மோகன் பெயருக்கு முன்னால் 'கிரேஸி' எப்படி வந்தது தெரியுமா? 1976-இல் எஸ்.வி.சேகர் குழுவுக்காக அவர் எழுதிய நாடகம், 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. கிண்டியில் படித்த மெக்கானிக்கல் இன்ஜினியரான மோகனுக்கு அந்த நாடகப் பெயரின் முதல் சொல்லே ஒட்டிக்கொண்டது. அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை கே.பாலசந்தர் 1983-இல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார். மோகன் தொலைக்காட்சிக்கும் எழுதினார். பிறகு கமல்ஹாசனோடு 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காமராஜன்' படங்கள். 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் சாம்பாரில் மீன் விழும் கல்யாணக் காட்சியை ஒலிச்சித்திரமாகக் கேட்டுப் பாருங்கள். மீனைப் பார்க்கவே வேண்டாம், வசனம் போதும். வானொலிக்காரர்கள் நாங்கள் பொறாமைப்படும் எழுத்து அது! இன்னொன்று. அவர் நாடகங்களின் நாயகிக்குப் பெரும்பாலும் ஜானகி என்றுதான் பெயர். பள்ளியில் அவரை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் அது. சரி, பாட்டுக்குப் போவோம்.