தெளிந்த நீரெல்லாம் நன்னீராகுமா? உப்பை மின்னால் அளந்தறியும் முறை

மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆறு, திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையை ஒட்டி ஓடி வெருகலில் கடலோடு கலக்கின்றது. மாரிகாலத்தில் கலங்கிப் பெருகும் ஆற்று நீரைக் காட்டிலும், கோடையில் தெளிந்து நிற்கும் நீரே பயிருக்கு உகந்தது என்று எண்ணுவது இயல்பு. கடலை அடுத்த இடங்களில் இவ்வெண்ணம் பெருந் தவறாக முடியலாம். அங்கே நீரைத் தெளிய வைத்தது உப்பாகவும் இருக்கக்கூடும்.

இதன் காரணம் அறியத்தக்கது. நீரில் மிதக்கும் நுண்ணிய களித் துகள்கள் மறை மின்னேற்றம் உடையவை. அதனால் ஒன்றையொன்று தள்ளி, அடியில் படியாமல் நாட்கணக்கில் மிதக்கின்றன. கடல்நீர் கலந்தவுடன் உப்பின் அயன்கள் இவ்வேற்றத்தின் வலிமையைக் குன்றச் செய்கின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு படிய, நீர் தெளிகின்றது.

கலங்கிய நீரைத் தெளிவிக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பது நம் முன்னோர் வழக்கம். அக்கொட்டையில் நீரிற் கரையும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் உள்ளன. இவற்றைப் பல்பகுதியங்கள் என்பர். இவை துகளுக்குத் துகள் பாலமிட்டுப் பிணைக்கின்றன. முருங்கை விதையிலுள்ள புரதமோ நேர் மின்னேற்றம் உடையதாதலால், களியின் மறையேற்றத்தைச் சமன்செய்து அதே பணியைப் புரிகின்றது. ஆயினும் இவை இரண்டும் உப்பை நீக்குவன அல்ல. உவர்நீரைத் தெளிவித்தால் கிடைப்பது தெளிந்த உவர்நீரே.

கண் இவ்வாறு ஏமாற, நாவும் போதிய துணையாவதில்லை. வெங்காயம், மிளகாய் முதலியவற்றைப் பாதிக்கத் தொடங்கும் உப்பின் அளவு பெரும்பாலும் நாவுக்குப் புலப்படாது. ஆகவே மின்கடத்துதிறனை அளப்பதே தக்க வழியாகும்.

தூய நீர் மின்னைக் கடத்துவது மிகச் சிறிதே. உப்பு கரைந்தால் அது அயன்களாகப் பிரிந்து மின்னைச் சுமந்து செல்லும். உப்பு மிக மிகக் கடத்துதிறனும் மிகும். நீரில் இரு மின்வாய்களை அமிழ்த்தி இதனை அளக்கலாம். நேரோட்டத்தைச் செலுத்தினால் மின்வாய்களில் மாற்றம் நிகழ்ந்து அளவு பிழைபடும். ஆதலின் ஆடலோட்டத்தைப் பயன்படுத்தும் முறையைச் சேர்மனி நாட்டு அறிஞர் கோல்ரௌசு 19ஆம் நூற்றாண்டில் செம்மைப்படுத்தினார். இன்று சட்டைப்பையில் அடங்கும் கருவியே இவ்வேலையைச் செய்கின்றது.

இதன் அலகு மீற்றருக்கு இத்தனை தெசிசீமென் என்பதாகும். பழைய நூல்களில் சென்ரிமீற்றருக்கு இத்தனை மில்லிமோ என்று காணப்படினும் எண் மாறாது. கடல்நீரின் அளவு ஏறக்குறைய 50. பாசன நீர் 0.7க்குக் குறைந்திருப்பின் எப்பயிருக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. 0.7 முதல் 3 வரை பயிரையும் மண்ணையும் நோக்கி நடந்துகொள்ளல் வேண்டும். 3க்கு மேற்பட்டால் இடர் மிகுதி. இவை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 1985இல் வெளியிட்ட வரையறைகள்.

மண்ணைச் சோதிக்கும்போது, அதனை நீரால் நிறைத்து வடித்த சாற்றையே அளப்பர். அச்சாற்றின் அளவு வெங்காயத்துக்கு 1.2ஐயும் மிளகாய்க்கு 1.5ஐயும் கடந்தால் விளைச்சல் குறையத் தொடங்கும். நெல் 3 வரை தாங்கும். அதன்பின் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் நூற்றுக்கு 12 பங்கு குறையும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெற்பயிர் உப்பைப் பொறுக்காது. முளைக்கும்போது நன்கு தாங்குவதைக் கண்டு பின்னரும் தாங்கும் என நம்பியிருத்தல் கூடாது.

கரையோரக் கிணறுகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். மணற்பாங்கான நிலத்தின் அடியில், பாரங் குறைந்த நன்னீர், பாரமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறையுமாறு இறைத்தால், கீழிருந்து உவர்நீர் அதற்குப் பன்மடங்கு உயர முற்படும். 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலையால் கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளை இறைத்துத் தூய்மைப்படுத்த முயன்றபோது, அளவுமீறி இறைத்த இடங்களில் உவர்த்தன்மை தணியாமல் நீடித்தது. நீரிறைக்கும் இயந்திரத்தை ஓட்டும்போது தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் அளந்து, எண் ஏறக் கண்டவுடன் நிறுத்துவதே நன்று.

இக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு லீற்றரில் சில மில்லிகிராம் மட்டுமே கலந்துள்ள விதைப் பல்பகுதியத்தை அது காட்டாது. பெரிய மூலக்கூறுகள் மெல்ல நகர்வன. பல நூறு மில்லிகிராம் உப்பின் நடுவே அவற்றின் பங்கு தெரிவதில்லை. குடிநீர் நிலையங்களில் இதற்கு வேறு கருவி உண்டு. ஒடுங்கிய குழியில் ஓர் ஆடுதண்டு மேலுங் கீழும் அசைந்து நீரைத் தள்ள, சுவரில் ஒட்டிய துகள்களின் ஏற்றத்துக்கேற்ப நுண்ணிய மின்னோட்டம் தோன்றும். நேரேற்றமுடைய பல்பகுதியம் களியின் ஏற்றத்தைச் சமன்செய்யும் வேளையில் அது சுழியை நெருங்கும். மேலும் சேர்த்தால் ஓட்டத்தின் குறி மாறும்; துகள்கள் மீண்டும் விலகி மிதக்கும். முருங்கை விதைத்தூளை அளவுக்கு மிஞ்சிக் கலந்தால் நீர் தெளியாதிருப்பதும் இதனாலேயே.

சோதனைக்கு நீர் எடுக்கும் போத்தலை அந்நீராலேயே மும்முறை அலசுதல் வேண்டும். ஆற்றுமுகத்தில் உவர்நீர் அடியில் தங்குமாதலால், மேல்நீரை மட்டும் எடுத்தால் போதாது. இறைகுழாயின் வாய் நிற்கும் ஆழத்திலிருந்தும் எடுத்தல் வேண்டும். வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் கடத்துதிறன் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு கூடும். ஆகவே கருவி 25 பாகை செல்சியசுக்குத் தானே திருத்திக் காட்டுவதா என்று பார்த்து, நாளையும் இடத்தையும் எண்ணோடு சேர்த்துக் குறித்து வைத்தல் வேண்டும்.