கரியாலூர் மரத்து வாண்டா

2021 ஜூன் மாதம் நியூசிலாந்தில் ஒரு தொட்டிச் செடி இணைய ஏலத்துக்கு வந்தது. மொத்தமே ஒன்பது இலைதான். ஏலம் முடிந்தபோது விலை 27,100 நியூசிலாந்து டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 14 லட்சம் ரூபாய். செடியின் பெயர் ராபிடோபோரா டெட்ராஸ்பெர்மா. தென் தாய்லாந்து, மலேசியக் காடுகளில் மரமேறி வளரும் கொடி, நம் வீட்டு மணி பிளாண்டுக்கு ஒருவகையில் பங்காளி. முழுப் பச்சையாக இருக்கும் அதே செடி சல்லிசாகவே கிடைக்கும். இதன் இலைகளில் வெள்ளைத் திட்டுகள் இருந்தன, அதற்குத்தான் அந்த விலை. வெள்ளைத் திட்டு என்றால் பச்சையம் இல்லாத இடம், செடிக்குச் சோறாக்கத் தெரியாத இடம். அந்தக் குறைக்குப் பதினாலு லட்சம்.

கொரோனா முடக்கத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த உலகம் செடி வாங்கித் தள்ளிய காலம் அது. அந்த அலை தமிழ்நாட்டுக்கும் வந்தது. அடையாறு பால்கனியிலிருந்து கள்ளக்குறிச்சி மொட்டை மாடி வரை ‘அரிய செடி’ ஆசை பரவியது. பிறகு திசு வளர்ப்பு ஆய்வகங்கள் புட்டி புட்டியாகக் கன்றுகளை இறக்கவும், ஒரு காலத்தில் யானை விலை சொன்ன வெள்ளைத் திட்டு மான்ஸ்டெராச் செடிகள் சாமானியரும் பேரம் பேசும் விலைக்கு வந்தன. கடையில் எண்ணிக்கை குறைவு என்பதும் காட்டில் எண்ணிக்கை குறைவு என்பதும் வேறு வேறு சங்கதி. முதல் குறையை ஆய்வகம் சில ஆண்டுகளில் தீர்த்துவிடும். இரண்டாவதைத் தீர்க்க அதனால் ஆவதில்லை.

அரிய செடி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஆர்க்கிட். அதிலும் வாண்டா. காரணம், அதைப் பார்க்கத் தாய்லாந்து போக வேண்டாம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலை ஏறினால் போதும். கரியாலூர் வருகிறவர்கள் படகுத் துறையையும் அருவியையும் கேட்டுக்கொண்டு போகிறார்கள். அண்ணாந்து மரக்கிளையைப் பார்ப்பவர் குறைவு. பார்த்தால் தெரியும்: முதிர்ந்த மரங்களின் கிளைக் கவட்டில், இரண்டு பக்கமும் வாள் வாளாக இலை அடுக்கி, கயிறு போல் வேர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் ஆர்க்கிடுகள் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்குப் புதிதல்ல. வாண்டா டெஸ்ஸெல்லாட்டா அவற்றில் ஒன்று. பழுப்பும் பச்சையும் கலந்து கட்டம் போட்ட இதழ், நடுவில் நீலம் கலந்த உதடு, நல்ல வாசனை. மலைக்கு மட்டும் உரியதல்ல, சமவெளி மாமரத்திலும் புளியமரத்திலும் வளரும், இலங்கையிலும் உண்டு. தடித்த இலையும் மஞ்சள் பூவில் பழுப்பு வரியும் கொண்ட அகாம்பே இதற்கு உறவுக்காரி.

இந்த மலைகளின் தாவரங்களை ஊர் ஊராக நடந்து பதிவு செய்தவர் கே.எம். மேத்யூ என்ற இயேசு சபைத் துறவி. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை 1967-ல் தொடங்கினார். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று தமிழ்நாட்டுக் கிழக்கு மலைகளும் சமவெளியும் அடங்கிய அவரது பெருந்தொகுதிகள் 1980களில் வெளிவந்தன. மலையேறும் சுற்றுலாக் குறிப்பேடு எதிலும் இந்தப் பெயரை நான் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மரத்தில் ஆர்க்கிடைக் காட்டினால் நம்மவர் உடனே சொல்வது, “புல்லுருவிங்க அது, மரத்தையே உறிஞ்சிடும்.” இல்லை. புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்திச் சாறு எடுக்கும். வாண்டாவின் வேர் பட்டையின் மேல் ஒட்டிக்கொள்வதோடு சரி. வெளிச்சத்துக்காக ஏறிய குடித்தனக்காரர் அது. தண்ணீரை மழையிடமும் பனியிடமும் வாங்கிக்கொள்ளும், சத்தை இலைத் தூசியிலிருந்தும் பறவை எச்சத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

இந்த வேரைப் புரிந்துகொண்டால் பராமரிப்பில் முக்கால் பங்கு முடிந்தது. வேரின் வெளிப்புறம் வெள்ளி நிறத்தில் இருக்கும். அது பஞ்சு போன்ற, உயிரற்ற செல்களின் உறை. தண்ணீர் பட்ட சில நொடிகளில் உறிஞ்சிக்கொண்டு, உள்ளே இருக்கும் பச்சை தெரியும்படி நிறம் மாறும். வெள்ளியாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும். வேறு கருவி, அளவுமானி எதுவும் தேவையில்லை. அந்த உறை நனைந்தபடியே கிடந்தால் மூச்சு முட்டி அழுகும். மண் நிரப்பிய தொட்டியில் வாண்டாவை நட்டால் நடப்பது அதுதான். பெரும்பாலான வாண்டாக்கள் பாசத்தால் சாகின்றன: நல்ல செம்மண், நல்ல எரு, தினம் இரண்டு சொம்பு தண்ணீர்.

மரச்சட்டக் கூடை அல்லது ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் கூடை போதும். பிடிமானத்துக்கு நாலு கரித்துண்டு, உடைந்த ஓட்டுச் சில்லு. கள்ளக்குறிச்சி வெயிலில் காற்று வறண்டு போகும் என்பதால் கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு சேர்க்கலாம், மழைக்காலத்தில் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் காலையில். வேர் முழுக்கப் பச்சையாகும் வரை தெளிக்கலாம், அல்லது வாளியில் பத்து நிமிடம் முக்கி எடுக்கலாம். சித்திரை வெயிலில் மதியத்துக்கு மேல் இன்னொரு தடவை. இருட்டுவதற்குள் வேர் காய்ந்துவிட வேண்டும். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் குருத்தழுகல் வரும். செடி ஒற்றைத் தண்டு என்பதால் குருத்து போனால் மேல்வளர்ச்சி அதோடு நின்றது. அடியிலிருந்து பக்கக் கன்று விட்டால் அதிர்ஷ்டம்.

சமவெளியில் இதைவிடப் பெரிய பிரச்சினை தண்ணீரின் உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரை மாதக்கணக்கில் ஊற்றினால் வேர் நுனி கறுத்துக் கருகும், உறையில் வெள்ளைப் படலம் படியும். மழைநீரைப் பிடித்து வைப்பது நல்லது. வடிகட்டும் கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரை ‘வீணாகிறதே’ என்று செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். உரத்துக்கு, உரக்கடைகளில் கிடைக்கும் நீரில் கரையும் 19:19:19. லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் வேண்டாம். வாரம் ஒருமுறை, வேரை முதலில் நனைத்துவிட்டு அப்புறம் உரநீர்.

வெளிச்சம் பற்றி ஒரு கசப்பான உண்மை. ‘வீட்டுக்குள் வளரும் செடி’ என்று வாண்டாவை விற்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். கூடத்து டீப்பாய் மேல் அது உயிரோடு இருக்கும், பூக்காது. கிழக்குப் பார்த்த ஜன்னல் கம்பி, காலை வெயில் விழும் பால்கனி, பாதி நிழல் தரும் பச்சை வலைக்கு அடியில் மாடி இவைதான் அதன் இடம். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சை சரியான அளவு. ஓரத்தில் செம்புள்ளி தெரிந்தால் வரம்புக்கு வந்துவிட்டது. கறுப்புத் திட்டு விழுந்தால் வெந்துவிட்டது, அந்தத் தழும்பு மாறாது. இலை பென்சில் போல் உருண்டிருக்கும் வகைகளுக்கு முழு வெயிலே வேண்டும். சிங்கப்பூர் 1981-ல் தேசிய மலராக அறிவித்த ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ அந்த இனம். அதைக் குளிரூட்டிய அறையில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று வருந்திப் பயனில்லை.

கூடத்துக்குள்தான் வேண்டும் என்றால் ஃபெலனாப்சிஸ். பூச்செண்டுக் கடைகளில் பட்டாம்பூச்சி வரிசை போல் பூத்து நிற்பது. குறைந்த வெளிச்சம் அதற்குப் போதும். ஆனால் மறுபடி பூக்கக் குளிர்ச்சி கேட்கும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் கள்ளக்குறிச்சியில் முதல் பூவோடு பலருக்குக் கதை முடிந்துவிடுகிறது. அதே செடி கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தால் பூக்க வாய்ப்பு அதிகம். மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே உள்ள கொஞ்ச நேரப் பேருந்துப் பயணம் செடிக்கு ஒரு நாடு விட்டு நாடு போவது போல.

இனி வாங்கும் விஷயம். ஆர்க்கிட் ஏன் விலை அதிகம்? ஒரு வாண்டாக் காய்க்குள் லட்சக்கணக்கில் விதை இருக்கும், தூசியை விடச் சற்றுப் பெரிது. ஆனால் ஒன்றிலும் சேமித்த உணவு கிடையாது. நெல்லுக்குள் அரிசி இருப்பது போல முளைக்கு ஊட்டம் எதுவும் தாய் வைத்து அனுப்பவில்லை. மரப்பட்டையில் உள்ள ஒரு பூஞ்சை அந்த விதைக்குள் நுழைந்து ஊட்டினால்தான் முளைப்பு. அதனால் லட்சத்தில் ஒன்றிரண்டு பிழைப்பதே பெரிது. பூஞ்சையின் வேலையைப் புட்டியில் வைத்த, சர்க்கரை கலந்த கூழ் செய்யும் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டினார். இன்று உலகின் பெரும்பாலான ஆர்க்கிட் பண்ணைகள் அந்தப் புட்டியிலிருந்து வந்தவை. ஆனாலும் புட்டியில் முளைத்த வாண்டா பூக்க நாலிலிருந்து ஏழு ஆண்டு ஆகலாம். நீங்கள் கொடுக்கும் பணம் அந்த ஆண்டுகளுக்கான கூலி. சில நூறு ரூபாய்க்குக் கன்று வாங்கினால் காத்திருப்பு உங்களுடையது, ஆயிரங்களில் பூக்கும் செடி வாங்கினால் பண்ணைக்காரருடையது. முதல் தடவை வாங்குபவர் பூக்கும் செடியே வாங்கட்டும். கன்று வளர்க்கும் பொறுமை பழகித்தான் வரும்.

மரத்திலிருந்து பிய்த்து வரும் செடிக்கு அந்தக் கூலி கிடையாது. அதனால்தான் மலிவு. அதனால்தான் ஆபத்து. பட்டையோடு ஒட்டிய வேர் பிய்க்கும்போதே அறுந்துவிடும். இலையில் சேமித்த ஈரத்தில் சில மாதம் பசுமையாக நின்று ஏமாற்றும், பிறகு சுருங்கும். தெரிந்துகொள்ள வழி உண்டு: வேர் நடுவில் அறுந்திருக்கும், பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கும், இலையில் பூச்சி கடித்த வடுவும் பாசியும் இருக்கும், செடிகள் ஒன்றுக்கொன்று அளவில் பொருந்தாது. பண்ணைச் செடியின் வேர் கூடையைச் சுற்றி வளர்ந்திருக்கும், பெயர்ச்சீட்டு இருக்கும், வரிசையாக நிறுத்தினால் ஒரே வயசுப் பிள்ளைகள் மாதிரி தெரியும். காப்புக் காட்டிலிருந்து செடியை எடுப்பது 1882-ம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். எல்லா ஆர்க்கிட் இனங்களும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, ஆகவே தாய்லாந்திலிருந்து ‘பரிசு’ என்று எழுதிப் பார்சலில் வரும் செடிக்கும் தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் வேண்டும்.

ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு கதைகள். நீல வாண்டாவை வில்லியம் கிரிஃபித் 1837-ல் இன்றைய மேகாலயாவின் காசி மலையில் கண்டார். 1850-ல் அங்கே போன ஜோசப் ஹூக்கர், கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை அளவுக்கு அதைச் சேகரித்ததாகத் தானே எழுதியிருக்கிறார். இங்கிலாந்துக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவை சொற்பம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991-ல் தாவரங்களையும் தனிப் பட்டியலிட்டுக் காத்தபோது இந்தச் செடியும் அதில் இடம்பெற்றது. பயிரிடவும் விற்கவும் உரிமம் தேவை. நர்சரியில் ‘புளூ வாண்டா’ என்று நாம் வாங்குவது பெரும்பாலும் அசல் அல்ல, கலப்பினம். பிலிப்பைன்ஸின் வாண்டா சாண்டெரியானாவோடு நீல வாண்டாவைச் சேர்த்து 1931-ல் பதிவான ‘ராத்ஸ்சைல்டியானா’வின் வழி வந்தவை பல. அசலை விடக் கலப்பினம் நம் வெப்பத்தைத் தாங்கும், பூவும் பெரிது. இதில் அசல் மோகம் தேவையற்றது என்பது என் கட்சி.

இரண்டாவது கதை அகத்தியமலையில். தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட் அங்கே 1865-ல் கர்னல் ட்ரூரியின் கண்ணில் பட்டது, பெயரும் அவருடையது. சேகரிப்பாளர்கள் அள்ளியதில் அழிந்தே போயிற்று என்று பல காலம் நம்பப்பட்டது. 1972-ல் மறுபடி கண்டுபிடித்தார்கள். செய்தி பரவியதும் மறுபடி அள்ளினார்கள். மஞ்சள் இதழில் பழுப்புக் கோடு போட்ட அந்தப் பூ இன்று வெளிநாட்டுப் பண்ணைகளில் வளர்கிறது. பிறந்த மலையில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன் நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குப் பக்கத்திலேயே ஏற்காடு இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் அங்கே 1963-லிருந்து இயங்குகிறது. நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் இருப்பதாக அந்த நிறுவனம் 2019-ல் கணக்கு வெளியிட்டது, 388 இந்தியாவுக்கே உரியவை. விரல் நகத்தளவு பூக்கும் நம்மூர் இனங்களை அங்கே பார்த்தவருக்குக் கடையில் பளபளக்கும் ஊதாப்பூக்கள் மேல் அவ்வளவு மயக்கம் வராது.

வாங்க நல்ல காலம் கத்திரி முடிந்து முதல் மழை விழுந்த பிறகு. மே மாதத்தில் பார்சலில் வரும் செடி பாதி வழியிலேயே வெந்துவிடுகிறது. வந்த செடியை இரண்டு வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளித் தொங்கவிட்டு, இலைக் கவட்டில் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடை மாற்றும்போது பழைய கூடையைப் பிரிக்க வேண்டியதில்லை, அப்படியே பெரிய கூடைக்குள் இறக்கினால் போதும்.

வீட்டு வாசலில் மாமரம் உள்ளவருக்குக் கூடையே வேண்டாம். பண்ணையில் வாங்கிய டெஸ்ஸெல்லாட்டாவை, காலை வெயில் படும் பக்கமாக, சொரசொரப்பான பட்டையில் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிவிடலாம். கம்பி வேண்டாம், தண்டை அறுக்கும். ஆனி, ஆடியில் கட்டினால் மார்கழிக்குள் புது வேர் பட்டையைப் பிடித்திருக்கும். நார் தானாக மக்கி விழுந்துவிடும்.