நம்பிக்கையும் விசுவாசமும்: தமிழ்க் கிறித்தவ வழக்கில் இரு சொற்கள்

முன்னுரை

சென்னையினின்று மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய சாலையில் கேளம்பாக்கம் என்னும் ஊர் உளது. அதன் கிழக்கே உப்பங்கழியும் உப்பளங்களும், அவற்றிற்கு அப்பால் கோவளம் என்னும் கடற்றுறையும் அமைந்துள்ளன. கோவளத்தில் 1808-ஆம் ஆண்டு ஜான் டி மான்டி என்பார் எடுப்பித்த கார்மேல் அன்னை கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. உப்பு விளைப்போர் வெயிலை நோக்கி வாழ்பவர். மழை முந்திப் பெய்யின் பாத்தியில் விளைந்தது பாத்தியிலேயே கரைந்துபோம். மீன் பிடிப்போர் காற்றையும் நீரோட்டத்தையும் நோக்கி வாழ்பவர். இரண்டும் மாந்தன் தன் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட ஒன்றைச் சார்ந்து நிற்கவேண்டிய தொழில்கள்.

இத்தகைய அன்றாட வாழ்வில் இறைவனைச் சார்ந்து நிற்கும் நிலையைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவர் இரு சொற்களை ஆள்கின்றனர். ஒன்று விசுவாசம், மற்றொன்று நம்பிக்கை. இவ்விரண்டும் ஒருபொருட் பன்மொழி என்பார் உளர். முன்னது வடசொல், பின்னது தென்சொல் என்ற அளவிலே வேறுபாடு முடிந்தது என்பாரும் உளர். அவை பொருளாலும் வேறுபட்டவை என்பதையும், அவ்வேறுபாடு சமயக் கருத்தையே தொட்டு நிற்பது என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொருள்

நம்பு என்பதனைத் தொல்காப்பியர் உரியியலில் எடுத்து ஓதி, அதற்கு நசை என்று பொருள் கூறுவர். நசையாவது விருப்பம். ஆகவே இச்சொல் தொடக்கத்தில் ஒன்றனைத் தேறுதலை அன்று, விரும்பி நோக்குதலையே குறித்ததாதல் வேண்டும். ஒருவரை ஆராய்ந்து ஏற்றல் என்னும் பொருளுக்குப் பழந்தமிழில் தேறு, தெளி என்னும் வினைகள் பயின்றன. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரப் பெயரே இதற்குச் சான்று. பிற்காலத்தில் நம்பு என்பது தேறுதற் பொருளையும் தன்பால் ஏற்றுக்கொண்டது. எனினும் பழைய நசைப்பொருள் முற்றும் அழிந்திலது. ‘மழை வரும் என்ற நம்பிக்கை’ என்னும்போது எதிர்பார்ப்பும் விருப்பமுமே மிக்கு நிற்றலைக் காணலாம்.

விசுவாசம் என்பது வடமொழியில் மூச்சுவிடுதலைக் குறிக்கும் வேரினின்று தோன்றியது. அச்சம் நீங்கி இருத்தல் என்பது அதன் கருத்து. ஆயின் தமிழ் உலகவழக்கில் அது வேறொரு திசையிற் சென்றது. எசமானிடத்து ஏவலாள் காட்டுவதும், வளர்த்தவரிடத்து நாய் காட்டுவதும் விசுவாசம் எனப்படும். கீழுள்ளார் மேலுள்ளார்க்குக் காட்டும் மாறாப் பற்றே இன்று அதன் நடைமுறைப் பொருள். எசமான் ஏவலாளனை நம்பலாம். அவன்பால் எசமானுக்கு விசுவாசம் உண்டு என்று கூறும் வழக்கு இல்லை. எனவே, நம்பிக்கை இருவழியும் செல்வது. விசுவாசம் ஒருவழியே செல்வது.

மொழிபெயர்ப்பு வரலாறு

கிறித்தவக் கருத்துக்களைத் தமிழிற் சொல்லும் முயற்சி 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முதலாக வளர்ந்தது. அண்டிரிக் அடிகளார் தம்பிரான் என்ற இடத்தில், பின் வந்த தத்துவ போதகராகிய இராபர்ட் டி நொபிலி சருவேசுரன் என்றார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-இல் அச்சிட்டு முடித்தார். சென்னை வேப்பேரியிலிருந்து பணிசெய்த பப்பிரிசியுவின் மொழிபெயர்ப்பில் பராபரன் என்ற சொல் நிலைபெற்றது. 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்பதனை மேற்கொண்டது. திண்டிவனத்திலுள்ள தமிழ்நாடு விவிலிய நிலையத்தின் பணியால் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய ‘திருவிவிலியம்’ கடவுள் என்று வழங்கிற்று.

இறைவனைக் குறிக்கும் பெயர்களின் இம்மாற்றம் ஆய்வாளரால் பலகாலும் பேசப்பட்டது. மனிதன் இறைவனோடு கொள்ளும் உறவைக் குறிக்கும் சொற்களின் மாற்றமோ அத்துணை கருதப்பட்டிலது.

இரு மொழிபெயர்ப்புகளின் ஒப்பீடு

பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13-ஆம் அதிகார இறுதியில் மூன்று பண்புகள் அடுக்கிக் கூறப்படுகின்றன. கிரேக்கத்தில் அவை பிஸ்திஸ், எல்பிஸ், அகாபே என்பன. 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இவற்றை முறையே விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்றது. 1995-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்றது. நம்பிக்கை என்னும் சொல் இரண்டாம் இடத்தினின்று முதலிடத்திற்குப் பெயர்ந்தமை காண்க. ஒரு நூலில் வருவதை நோக்கியிருத்தலைக் குறித்த சொல், மற்றொரு நூலில் இறைவன்பால் தன்னை ஒப்படைத்தலைக் குறிக்கின்றது. இரு நூலையும் பயிலும் மாணாக்கர் இவ்விடத்தில் இடர்ப்படுதல் இயல்பே.

பழைய மொழிபெயர்ப்பாளர் எல்பிஸ் என்பதற்கு நம்பிக்கை என்றது தொல்காப்பியர் கூறிய நசைப்பொருளுக்கு அணித்தாகும். ஆயின் அவர்களே சங்கீதங்களிலும் நீதிமொழிகளிலும், இறைவன்மேல் சாய்ந்திருத்தலைச் சுட்டும் எபிரேயச் சொற்களுக்கு நம்பு, நம்பிக்கையாயிரு என்றே எழுதினர். எனவே, பழைய ஏற்பாட்டின் அடியவர் நம்பினர். புதிய ஏற்பாட்டின் அடியவர் விசுவாசித்தனர் என்னும் தோற்றம் தமிழில் உண்டாயிற்று. மூலநூல்களிலும் எபிரேய, கிரேக்கச் சொற்கள் வேறுபட்டனவே. ஆயினும் தமிழில் அவ்வேறுபாடு, ஒன்று வீட்டுச் சொல், மற்றொன்று கோயிற் சொல் என்னும் அளவிற்கு விரிந்தது. அன்றாடக் கவலையில் ஆள்வது நம்பிக்கை; அறிக்கையிட்டு ஓதுவது விசுவாசம் என்றாயிற்று.

இவ்விரிசல் மிகுதியும் புலப்படும் இடம் ஒன்றுண்டு. உணவையும் உடையையும் பற்றிக் கவலையுறுவோரையும், கடற்கொந்தளிப்பில் படகிலிருந்து அஞ்சிய சீடரையும் இயேசுபெருமான் ஒரே கிரேக்கச் சொல்லால் விளித்ததாக மத்தேயு நற்செய்தி கூறும். சிறிதளவே பற்றுறுதி உடையோர் என்பது அதன் பொருள். பழைய மொழிபெயர்ப்பு ‘அற்பவிசுவாசிகள்’ என்றது. அற்பம் என்பது முன்னர்ச் சிறுமையளவை மட்டுமே குறித்து நின்ற சொல். இன்றோ இழிவுப் பொருளே மேலோங்கியுள்ளது. புதிய மொழிபெயர்ப்பு ‘நம்பிக்கை குன்றியவர்கள்’ என்றது. குன்றியது மீண்டும் வளரலாம் என்னும் குறிப்பு இதன்கண் அமைந்துள்ளது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், கிறித்து பிறப்பு விழாவின் மறுநாளாகிய ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை இக்கடற்கரையையும் தாக்கிற்று. கடலையே வாழ்வாகக் கொண்டோர் கடலாலேயே அனைத்தும் இழந்த அந்நாளின்பின், மீண்டும் படகேற அஞ்சிய ஒருவனை எச்சொல்லால் அழைப்பது? அவனை அற்பன் என்னும் ஒலி படும்படி அழைத்தல் மூலத்தின் கருத்தும் அன்று, அருளும் அன்று. சொல்லின் பொருள் காலத்தால் திரியுமிடத்து, பழைய சொல்லை அவ்வாறே வைத்திருத்தல் மூலத்திற்கு உண்மையாயிருத்தல் ஆகாது என்பதற்கு இதுவே தக்க சான்று.

இருவழி உறவு

கிரேக்கப் பிஸ்திஸ் என்பது ஒருவரைத் தேறுதலையும், தேறுதற்குரியவராய் நிலைத்து நிற்றலையும் ஒருங்கே குறிக்கும். அதனோடு உறவுடைய பிஸ்தோஸ் என்னும் அடைமொழி கடவுளுக்கும் வழங்கப்படும். மேற்கூறிய திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் அவ்வாறு வருமிடத்தில், பழைய மொழிபெயர்ப்பு கடவுளை ‘உண்மையுள்ளவர்’ என்றது. பொருள் பிழையன்று, ஆயின் விசுவாசம், உண்மை என்னும் இரண்டும் ஒரு வேரின் கிளைகள் என்பது தமிழில் மறைந்தது. புதிய மொழிபெயர்ப்பு ‘நம்பிக்கைக்குரியவர்’ என்றது. மனிதன் நம்புகின்றான், கடவுள் நம்பிக்கைக்குரியவராய் இருக்கின்றார். ஒரே அடிச்சொல் இருபாலும் நிற்றலின் உறவின் இருவழித் தன்மை விளங்குகின்றது.

எனினும் இழப்பும் உண்டு. எதிர்நோக்கு என்பது கருத்தால் தெளிவுடையதே. மக்கள் நாவில் பயின்ற சொல் அன்று. துன்புற்ற வீட்டில் ‘எதிர்நோக்கோடு இரும்’ என்று எவரும் ஆறுதல் கூறார். நம்பிக்கையை முதலிடத்திற்கு உயர்த்தியபோது அது விட்டுச்சென்ற இடம் இன்னும் நன்கு நிரம்பிற்றில்லை. மேலும், விசுவாசம் என்ற சொல்லில் அடங்கிய மாறாப் பற்று என்னும் உறுதிப்பொருள் நம்பிக்கையில் அத்துணை வலிமையாகத் தோன்றாது.

பங்கு என்னும் சொல்

நம்பிக்கை தனியொருவனின் உள்ளத்தளவில் நிற்பதன்று என்பது கிறித்தவக் கொள்கை. மேற்காட்டிய அதே தொடரில் கடவுளின் நம்பகமும் அடியவரின் கூட்டுறவும் இணைத்தே கூறப்படுகின்றன. அக்கூட்டுறவைப் பழைய மொழிபெயர்ப்பு ஐக்கியம் என்றும், அப்போஸ்தலர் நடபடிகளில் அந்நியோந்நியம் என்றும் கூறும். புதியது இரண்டிடத்தும் நட்புறவு என்று கூறும்.

நூல்வழக்கு இங்ஙனமாக, மக்கள் வழக்கு மேலும் பொருள் பொதிந்த ஒரு சொல்லைப் படைத்துள்ளது. கத்தோலிக்கர் ஒரு குருவின்கீழ் அமைந்த மக்கட்கூட்டத்தைப் பங்கு என்பர். குரு பங்குத்தந்தை ஆவர். கடற்கரையில் பங்கு என்பது பிடித்த மீனின் விலையைப் படகுக்கும் வலைக்கும் ஆளுக்குமாகப் பகுக்கும் பகுதி. உள்நாட்டுத் தொண்டைமண்டல ஊர்களிலோ நிலவுரிமையே பங்குகளாக வகுக்கப்பட்டிருந்தது. 1818-இல் வெளிவந்த எல்லீசரின் மிராசு உரிமை பற்றிய நூல் அதனை விரித்துரைக்கும்.

அவ்வுரிமையில் பங்கில்லாதோர் பலர் இருந்தனர். செங்கற்பட்டு மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஆட்சியர் திரெமன்கீர் 1891-இல் எழுதிய அறிக்கை, அவர்கள் நிலமும் மனையும் பெறவொண்ணாத தடைகளை எடுத்துக்காட்டிற்று. செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காத்லாந்துக் குரு ஆடம் ஆண்ட்ரூ அவர்கட்கு நிலம் கிடைக்க உழைத்தவருள் ஒருவர். ஊரில் பங்கில்லாதவன் இறைவனை நம்புக என்று மட்டும் கேட்டால் அச்சொல் அவனுக்கு நிறைவு தாராது. கிறித்தவக் கோயில்களுக்குள்ளும் சாதிவழி இருக்கைப் பிரிவு புகுந்திருந்தமை வரலாறு அறிந்ததே. ஆதலின் பங்கு என்னும் சொல் சபைக்குப் பெயராய் நிற்றல் பெருமை மட்டும் அன்று; எவர்க்கும் பங்கு மறுக்கப்படலாகாது என்னும் கட்டளையுமாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், விசுவாசம் மாறாப் பற்றினையும், நம்பிக்கை சார்ந்து நிற்றலையும் எதிர்பார்ப்பினையும் சிறப்பாக உணர்த்தும் என்பதும், மூலச்சொல்லின் முழுப்பொருளை இரண்டும் தனித்தனியே தாங்கவில்லை என்பதும் பெறப்பட்டன. ஒன்றை ஏற்று மற்றதனை விலக்குதல் வேண்டா. அன்றாட வாழ்விற்கு நெருங்கிய சொல்லாதலின் நம்பிக்கை முன்னிற்றல் தகும். தன்னை நம்பினாரைக் கைவிடாமை என்னும் உறுதியை விசுவாசம் நினைவூட்டுதலும் தகும்.

கடலில் ஒரு வலையை இழுப்போர் ஒருவரையொருவர் நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு உரியவராகவும் நடந்துகொள்கின்றனர். இவ்விரண்டும் கூடியவிடத்தே பங்கு உண்டாகின்றது. இறைவனை நம்புதல் என்பதன் பொருளையும் இவ்வழக்கினின்றே தெளியலாம். கடற்கரை ஊர்களின் பேச்சுவழக்கில் இச்சொற்கள் பயிலுமாற்றைத் தொகுத்து ஆராய்தல் இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.