37 வருஷம் வாத்தியார்... பாரதிதாசனின் குழந்தைப் பாட்டுகளைப் படிச்சிருக்கீங்களா?

பாண்டி ட்ரிப்னாலே ஒயிட் டவுன், பீச் ரோடு, மஞ்சள் சுவர் முன்னாடி நாலு ரீல்ஸ். அவ்வளவுதான் நமக்கு. அங்கிருந்து கால்வாயைத் தாண்டி தமிழர் பகுதிக்குள் வந்தால் பெருமாள் கோயில் வீதி. அதில் 95-ம் எண் வீடு, பாரதிதாசன் வாழ்ந்த வீடு. இப்போது அருங்காட்சியகம்.

பாரதிதாசன் என்றதும் மீசை, துண்டு, மேடை, 'புரட்சிக்கவிஞர்' பட்டம்... இதுதானே நினைவுக்கு வரும்? ஆனால், மனுஷன் வாழ்க்கையில் பாதிக்கும் மேல் நின்றது மேடையில் இல்லை, கரும்பலகை முன்னாடி!

1891 ஏப்ரல் 29-ல் புதுச்சேரியில் பிறந்த கனகசுப்புரத்தினம், 1909-ல், அதாவது 18 வயசுல, காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழாசிரியர் ஆனார். 1946-ல் ஓய்வு பெறும்வரை, 37 வருஷம் அதே வேலை. அன்று இது பிரெஞ்சு ஊர். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே காரசாரமாக எழுதியதால் கிண்டல்காரன், கிறுக்கன் என்று புனைபெயர்களும் வைத்துக்கொண்டார். (இன்றைய ஃபேக் ஐடிக்கெல்லாம் அவர் முன்னோடி!)

1908 முதல் 1918 வரை பாரதியும் இதே ஊரில்தான் இருந்தார். 'பாப்பா பாட்டு' பிறந்ததும் இங்கேதான். அவரைச் சந்தித்த பிறகுதான் சுப்புரத்தினம், 'பாரதிதாசன்' ஆனார்.

1938-ல் வந்த அவரது முதல் கவிதைத் தொகுதியில் இரண்டு தாலாட்டுகள் இருக்கின்றன. ஒன்று ஆண் குழந்தைக்கு, இன்னொன்று பெண் குழந்தைக்கு. 'இதில் என்ன இருக்கு?' என்கிறீர்களா? பொண்ணு பிறந்தால் வீட்டில் முகம் வாடிய காலம் அது. குழந்தைத் திருமணங்கள் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தன. அதன் கொடுமையைப் பற்றியும் அதே தொகுதியில் ஒரு கவிதை இருக்கிறது. அப்படியொரு நேரத்தில், தொட்டிலில் கிடக்கும் பெண் குழந்தையிடம், 'சாதியையும் மூடநம்பிக்கையையும் விரட்ட வந்தவள் நீ' என்கிற அர்த்தத்தில் பாடித் தூங்க வைக்கிறார். தாலாட்டுக்குள்ளேயே அரசியல் பேசிவிட்டார் மனுஷன்.

குழந்தைகளுக்காகவே அவர் எழுதியதைப் படிக்க வேண்டும் என்றால், 1958-ல் வந்த 'இளைஞர் இலக்கியம்' புத்தகத்தைத் தேடுங்கள். தலைப்பைப் பார்த்து காலேஜ் பசங்களுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் 'இளைஞர்' என்றது சின்னப் பிள்ளைகளை. இயற்கை, ஊர்தி, தொழில் என்று பிரித்து, சின்னச் சின்னப் பாட்டுகள். மாட்டு வண்டி, மிதிவண்டிக்குக்கூட பாட்டு இருக்கிறது. 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்று சொல்வதைவிட, 'இதோ பார்' என்று கைகாட்டுகிற பாட்டுகள்தான் எனக்கு அதிகம் பிடித்தவை. வகுப்பில் எந்த வரியில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்பது 37 வருஷ வாத்தியாருக்குத் தெரியாதா என்ன?

1964 ஏப்ரல் 21-ல் மறைந்தார். 1969-ல் 'பிசிராந்தையார்' நாடகத்துக்காக சாகித்ய அகாடமி விருது அவர் பெயருக்கு வந்தது. நாடகம், காப்பியம், சினிமா வசனம் என எல்லாவற்றையும் பேசுகிறோம். குழந்தைப் பாட்டுகளுக்கு மட்டும் பள்ளிப் பாடப்புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அவருடைய படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அதனால் 'இளைஞர் இலக்கியம்' இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் ரைம்ஸ் வீடியோவோடு ஒரு குட்டி உட்கார்ந்திருந்தால், இன்றைக்கு ராத்திரி மிதிவண்டிப் பாட்டை ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்களேன்.