கடல் விராலுக்கு நண்டு விருந்து!

கண்மாய்ல விரால் பிடிச்சிருக்கீங்களா? புதுக்கோட்டைக்காரரா இருந்தா கட்டாயம் பிடிச்சிருப்பீங்க. இல்லேன்னா, கோடையில தண்ணி வத்தினதும் ஊரே திரண்டு இறங்குற மீன்பிடித் திருவிழாவுல சேற்றைப் பூசிக்கிட்டு வெறுங்கையோட கரையேறியாவது இருப்பீங்க. (நான் ரெண்டாவது ரகம்!)

அந்த விராலுக்குக் கடல்ல ஒரு பெரியண்ணன் இருக்கார். பேரு கடல் விரால். இங்கிலீஷ்ல கோபியா. ரெண்டு பேருக்கும் ரத்த சொந்தம் எதுவும் கிடையாது. மேலே தட்டையான அகலத் தலையும் உருண்டு நீண்ட உடம்பும் ஒரே ஜாடை, அவ்வளவுதான். நிஜ சொந்தம் யார் தெரியுமா? சுறாவோட உடம்புல ஒட்டிக்கிட்டு ஓசி சவாரி போகுமே ரெமோரா, அதுதான்! ரெண்டு மீட்டர் வரை வளரக்கூடிய மீன் இது. 1985-ல் ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் தூண்டில்ல சிக்கின ஒண்ணு 61.5 கிலோ, உலக சாதனையாப் பதிவாச்சு. நம்ம ஹாஸ்டல் வார்டனையே தூக்கிப் பார்க்கிற மாதிரி!

இந்தப் பெரியண்ணனைத் தேடித்தான் செமஸ்டர் லீவுல கோட்டைப்பட்டினம் போனேன். மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல்னு நம்ம மாவட்டத்துக்கும் ஒரு கடற்கரை இருக்குங்கறதே கிளாஸ்ல பாதிப் பேருக்குத் தெரியாது. 'புதுக்கோட்டைல கடலா? ஓட்டாத!'ன்னாங்க. இருக்கு மக்கா. அதுவும் பாக் விரிகுடா. சராசரி ஆழம் பத்து மீட்டர்கூட இல்லாத அமைதியான கடல்.

விசாரிச்சு விசாரிச்சு, நாற்பது வருஷமாத் தூண்டில் போடுற ஒரு பெரியவரைப் பிடிச்சேன். 'மீனவர் அட்டை இல்லாத ஆளை ஏத்தினா கேள்வி வரும் தம்பி'ன்னு முதல்ல தயங்கினார். கேட்க வேண்டிய இடத்துல கேட்டு, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லி, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுத்தான் ஏத்தினார். நீங்களும் அதைச் செய்யாம ஏறாதீங்க. விடியக்காலை மூணு மணிக்கு ஃபைபர் படகு கிளம்புச்சு. படகுல அவரு, அவரோட மருமகன், நான், அப்புறம் ஒரு வாளி நண்டு.

ஆமாங்க... நண்டு! கண்மாய் விராலுக்குத் தவளை எப்படியோ, கடல் விராலுக்கு நண்டு அப்படி. இங்கிலீஷ்ல இதுக்கு 'நண்டுதின்னி'ன்னே ஒரு பட்டப்பேர் உண்டு. நம்ம கரையோரம் நீலக்கால் நண்டுக்குப் பேர் போனது. ஊர் எதை நம்பிப் பிழைக்குதோ, அதையேதான் இந்த மீனும் நம்பிப் பிழைக்குது.

எந்த நண்டு? உள்ளங்கையில அடங்குற சைஸ், உயிரோட. கொடுக்கு நுனியை ஒடிச்சுட்டு, ஓட்டோட பின் ஓரத்துல முள்ளை ஏத்தணும். நடுவுல குத்தினா செத்துடும். செத்த நண்டு கல்லு மாதிரி கிடக்கும். காலை உதைச்சுக்கிட்டு நீந்துற நண்டைப் பார்த்தாத்தான் அண்ணாச்சிக்கு நாக்குல எச்சில் ஊறும். நான் வாளியில கைவிட்டு ஒண்ணை எடுத்தேன். அடிவயித்துல ஆரஞ்சு கலர்ல பஞ்சு மாதிரி என்னமோ. பெரியவர் வெடுக்குனு வாங்கிக் கடல்ல விட்டார். 'சினை நண்டு தம்பி. இதைக் கோத்தா அடுத்த வருஷம் எதைக் கோப்பே?'

நண்டு இல்லாத நாள்ல கணவாய். அதை முழுசாக் கோக்கணும், துண்டு போட்டா கெளுத்தி வந்து கொத்திட்டுப் போயிடும் (இந்த உண்மை எனக்குப் பிறகு அனுபவத்துலயே புரிஞ்சது). அதுவும் இல்லைன்னா உயிரோட மடவை, சாளை. மேல் உதட்டுல முள்ளைக் கோத்தா ரொம்ப நேரம் நீந்தும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுல உயிருள்ள விலாங்குதான் ஃபேவரைட். இங்கே அதுக்கு அவசியமே இல்லை.

இதுல ஒரு சுவாரஸ்யம் கேளுங்க. மண்டபத்துல இருக்கிற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மையத்துல, 2010 மார்ச்ல இந்தியாவுலேயே முதல் தடவையா கடல் விரால் குஞ்சு பொரிக்க வெச்சாங்க. அதுக்காகக் கூண்டுல வளர்த்த தாய் மீன்களுக்கு என்ன மெனு தெரியுமா? சாளை, கணவாய், நண்டு! விஞ்ஞானிங்க போட்ட சாப்பாடும் பெரியவர் வாளியில இருந்ததும் ஒண்ணுதான். கூண்டுல வளர்த்தா ஒரே வருஷத்துல மூணு, நாலு கிலோ வருதாம். நாம நாலு வருஷம் மெஸ் சாப்பாடு சாப்பிட்டும் ஒரு கிலோ ஏற மாட்டேங்குது!

சரி, எங்கே போய்த் தேடுறது? இது நிழல் தேடுற மீன் பாஸ். கடல்ல எது நின்னாலும், எது மிதந்தாலும் அதுகிட்ட வந்து நிக்கும். மிதவை, மூழ்கின படகு, கடலுக்கடியில இருக்கிற பார், மீன் பெருகறதுக்காகப் போடுற செயற்கைத் திட்டு, சில சமயம் நங்கூரம் போட்ட நம்ம படகோட நிழல்கூடப் போதும். கடற்புல் படுகை முடியுற ஓரமும் நல்ல இடம், நண்டு அங்கேதானே மேயுது! ஆனா, தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடல்பசு பாதுகாப்பகமா அறிவிச்சிருக்காங்க. அந்தப் புல்லு கடல்பசுவோட சாப்பாட்டுத் தட்டு. நங்கூரத்தைப் போட்டுக் கிழிக்காதீங்க.

இடத்தை எப்படி ஞாபகம் வெச்சுக்கறது? கரைக்குக் கிட்டக்கன்னா பெரியவர் ஜி.பி.எஸ். பக்கமே திரும்பலை. பள்ளிவாசல் மினாரா ஒரு பனைமரத்து மேல ஏறி நிக்கணும், இன்னொரு பக்கம் செல்போன் டவர் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னாடி ஒளியணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா, கீழே பார்! ரெண்டு கோடு வெட்டிக்கிற புள்ளி... சர்வேயிங் லேப்ல நான் அரியர் வெச்ச அதே கணக்கு!

அங்கே நேரா மேல போய் நிக்கக் கூடாது. நீவாடு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்த்து, அதுக்கு மேற்பக்கமா நங்கூரம் போட்டு, இரையை மெதுவா இழுத்துக்கிட்டுப் போக விடணும். நரம்பு முப்பதிலிருந்து ஐம்பது பவுண்டு தாங்கணும். முள்ளுக்கு மேல ஒரு முழம் இன்னும் தடிச்ச நரம்பு.

ஏழு மணி வாக்குல பெரியவர் கையில இருந்த நரம்பு சரசரன்னு ஓடுச்சு. இருபது நிமிஷம்! பெரும்பாலான மீனுக்கு இருக்கிற காற்றுப்பை இதுக்குக் கிடையாது. அதனால ஆழத்துல இருந்து இழுத்தாலும் வயிறு ஊதிச் சோர்ந்து மிதக்காது, படகுக்குள்ள வந்தும் குத்துச்சண்டை போடும். 'காலைத் தூக்கிக்க!'ன்னு மருமகன் கத்துறதுக்குள்ள தண்ணி டப்பா பறந்துடுச்சு. ஆறு கிலோ இருக்கும். பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பக்கவாட்டுல கறுப்புப் பட்டை. என் தூண்டில்ல? கணவாய்த் துண்டுக்கு மயங்கின ஒரு கெளுத்தி.

அப்புறம்தான் அது நடந்துச்சு. தண்ணிக்கு மேலாப்புல ஒரு பெரிய திருக்கை போகுது. அதுக்குப் பின்னாடி கறுப்பா ரெண்டு நிழல். கடல் விராலுங்க! திருக்கை, ஆமை, சுறா பின்னாடி எடுபிடி மாதிரி போறது இதுங்க பழக்கம். அது கலைச்சுவிடுறதை இதுங்க பொறுக்கித் தின்னும். மருமகன் இன்ஜினை முடுக்கினார். திருக்கை கிழக்கே போகுது, நாங்களும் கிழக்கே. கையில நண்டோட நான், 'இன்னும் கொஞ்சம்ணே, இன்னும் கொஞ்சம்'னு கத்திக்கிட்டிருக்கேன்.

அதுவரை ஜி.பி.எஸ்ஸைச் சீண்டாத பெரியவர் இப்போ அதையே பார்த்துக்கிட்டிருந்தார். 'திருப்புடா.' மருமகன் முகம் சுருங்கிப் போச்சு. 'ரெண்டும் பத்துப் பத்து கிலோ மாமா...' 'திருப்புடான்னேன்!'

1974-ல் போட்ட ஒப்பந்தத்துல வரைஞ்ச கோடு அது. தண்ணியில கண்ணுக்குத் தெரியாது, மீனுக்கும் தெரியாது. 2021 ஜனவரியில கோட்டைப்பட்டினத்துல இருந்து போன ஒரு விசைப்படகு, நெடுந்தீவு பக்கம் இலங்கைக் கடற்படைக் கப்பலோட நடந்த மோதல்ல மூழ்கி நாலு பேர் செத்துப்போனாங்க. அதே வருஷம் அக்டோபர்ல அதே மாதிரி இன்னொரு மோதல், கோட்டைப்பட்டினத்து இளைஞர் ஒருத்தர் திரும்பி வரலை. சிக்கினா ஜெயில், படகும் போயிடும். 'இளவட்டத்துல நான் பார்த்து வெச்ச பார் ரெண்டு அந்தப் பக்கம் கிடக்கு தம்பி. இன்னும் மனசுல இருக்கு. போறதில்லை' என்றார். கரைக்கு வர்ற வரைக்கும் வேற எதுவும் பேசலை.

ஏலத்துல அந்த ஆறு கிலோவும் நிமிஷத்துல போயிடுச்சு. டீசல், ஐஸ் கணக்கை ஒரு பீடிக்கட்டு அட்டையில எழுதிக் கழிச்சுப் பார்த்துட்டு, மிச்சத்தை மருமகன் கையில கொடுத்தார். எனக்கு என் கெளுத்தியையே பேப்பர்ல சுத்திக் கொடுத்தார். பஸ்ல பக்கத்து சீட் காலியாவே வந்துச்சு. ஹாஸ்டல் மெஸ் மாஸ்டர்கிட்ட குழம்பு வெச்சுத் தரச் சொல்லி நீட்டினா, 'இன்னிக்கு வெள்ளிக்கிழமைப்பா'ன்னுட்டார்.