பாக்கிக்காக வீட்டு நிலத்தில் கேவியட் போடலாமா?

அண்மையில் எங்கள் வானொலிக்கு கிள்ளானிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். “தம்பி, வீட்டை விற்க ஆள் பார்த்து முன்பணமும் வாங்கிவிட்டோம். இப்போது வாங்குபவரின் வழக்கறிஞர், நிலத்தில் கேவியட் இருக்கிறது என்கிறார். போட்டது யார் தெரியுமா? எங்கள் சமையலறையைப் பெரிதாக்கிய குத்தகையாளர்!” அவருக்கு 18,000 வெள்ளி பாக்கியாம். ஒழுகும் கூரையைச் சரிசெய்தால்தான் தருவோம் என்பது இவர்கள் பக்கம்.

பணத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். அதற்காக நிலத்தைக் கட்டிப்போடலாமா என்பதுதான் என்னைத் தேட வைத்தது.

அமெரிக்காவில் கூலி கிடைக்காத குத்தகையாளர் அந்த வீட்டின் மீதே ‘லியன்’ பதிய மாநிலச் சட்டங்கள் இடம் தருகின்றன. தீபகற்ப மலேசியாவில் அப்படி இல்லை. நம் தேசிய நிலச் சட்டத்தில் லியன் என்பது, உரிமையாளரே மூலக் கிரானைக் கடனுக்கு ஈடாக ஒப்படைக்கும்போது வருவது. ஆகவே ‘சும்மா ஒரு நம்பிக்கைக்கு’ என்று எந்தக் குத்தகையாளர் கேட்டாலும் கிரானைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேவியட் போட, நிலத்திலேயே உரிமை கோர வேண்டும் என்கிறது 323ஆவது பிரிவு. வேலை செய்த கூலி பாக்கி என்பது வெறும் பணக்கடன். அது நில உரிமை ஆகாது. பிறகு எப்படிப் பதிவானது? நில அலுவலகம் கோரிக்கை சரியா, தவறா என்று விசாரிப்பதில்லை. பாரமும் கட்டணமும் சரியாக இருந்தால் பதிந்துவிடும். நல்லதோ கெட்டதோ, சட்டமே அப்படித்தான். ஆனால் ‘பாக்கிக்கு நிலமே ஈடு’ என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் கதை மாறலாம். கையெழுத்துக்கு முன் அதைத் தேடிப் பாருங்கள்.

நீக்க இரண்டு வழிகள். முதலாவது, 326ஆவது பிரிவின்கீழ் நிலத்தின் உரிமையாளர் 19எச் பாரத்தில் நில அலுவலகத்துக்கு விண்ணப்பிப்பது. கேவியட் போட்டவருக்கு அறிவிப்பு போகும். 2 மாதத்துக்குள் அவர் நீதிமன்றத்தில் நீட்டிப்பு வாங்காவிட்டால் அது நீக்கப்படும். செலவு குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டும். விற்பனைக் கெடு நெருங்கியவர்கள் வழக்கறிஞர் மூலம் 327ஆவது பிரிவில் நேராக உயர்நீதிமன்றம் போவதே மேல் என்பேன். அங்கே நிரூபிக்கும் சுமை கேவியட் போட்டவருக்கே. 1979இல் லெட்சுமணன் என்பவர் சம்பந்தப்பட்ட மலேசிய வழக்கொன்றில் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னதை இன்றும் நம் நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன.

எதுவும் செய்யாமல் இருந்தால், 6 ஆண்டுகள் கழித்துத்தான் கேவியட் தானாகக் காலாவதியாகும். அதுவரை பெயர் மாற்றமும் நடக்காது, புதிய வங்கிக் கடனுக்கு வீட்டை ஈடாகப் பதியவும் முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: நியாயமான காரணமின்றிக் கேவியட் போட்டவர், அதனால் வந்த நட்டத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 329ஆவது பிரிவு. நீக்கிய பிறகு அதே கோரிக்கையை வைத்து அவர் மீண்டும் போடவும் முடியாது. இதைச் சுட்டி வழக்கறிஞர் அனுப்பும் ஒரு கடிதத்திலேயே சிலர் தாங்களாக மீட்டுக்கொள்வதுண்டு.

கேவியட் போனால் பாக்கியும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். குத்தகையாளர் வழக்குப் போடலாம். வென்றால், அந்தத் தீர்ப்பைக் கொண்டு நிலத்தின் மீது தடையுத்தரவும் கேட்கலாம். உங்களுக்கு வேலைத் தரத்தில் குறை இருந்தால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். கட்டணம் 5 வெள்ளிதான். படங்கள், ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எதையும் அழிக்காதீர்கள்.

இன்னொன்று. கேவியட் பதிவானதும் நில அலுவலகம் உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பும். நம்மில் எத்தனை பேருடைய முகவரி அங்கே இன்னும் பழைய தோட்டத்து வீட்டிலோ, வாடகை வீட்டிலோ நிற்கிறது? விற்பனை பேசுவதற்கு முன்பே ஒரு நிலத் தேடல் செய்து பாருங்கள். அப்படியே முகவரியையும் மாற்றிவிட்டு வாருங்கள்.