கிணற்றடிக் காமிராவுக்கு மின்சாரம்: கடைமடைக் கணக்கு தேவை

மோட்டார் கேபிள் திருட்டும் ஆடு, மாடு திருட்டும் பயந்து, கிணற்றடியிலும் தொழுவத்திலும் கண்காணிப்புக் காமிரா பொருத்தும் விவசாயிகள் பெருகி வருகின்றனர். இவற்றில் பல காமிராக்கள் பகலில் தெளிவாகப் படம் காட்டுகின்றன. இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகின்றன. காமிரா பழுது என்று கடைக்குத் தூக்கிச் சென்றால், அங்கே நன்றாக வேலை செய்கிறது. பெரும்பாலும் குறை காமிராவில் இல்லை. அதற்குப் போய்ச் சேரும் மின்சாரம் போதவில்லை என்பதே காரணம்.

இரவில் ஏன் நிற்கிறது?

இருட்டில் படம் எடுக்க, காமிராவினுள் கண்ணுக்குத் தெரியாத ஒளி வீசும் அகச்சிவப்பு விளக்குகள் உள்ளன. பொழுது சாய்ந்ததும் இவை தாமே எரியத் தொடங்கும். பகலில் 3 வாட் எடுத்த காமிரா இரவில் 6 வாட் அல்லது அதற்கு மேலும் எடுக்கக்கூடும். ஆகவே பகல் கணக்கை வைத்து மின்சாரம் கொடுத்தால், திருடன் வரும் நேரத்தில் காமிரா தூங்கிவிடும்.

தூரம் தின்னும் வோல்ட்

வாய்க்காலில் தலைமடைக்குக் கிடைக்கும் தண்ணீர் கடைமடைக்குக் கிடைப்பதில்லை. கேபிளிலும் அப்படியே. படம் வரும் நெட்வொர்க் கேபிளில் எட்டு மெல்லிய செம்புக் கம்பிகள் உள்ளன. அவற்றில் நான்கின் வழியே, இரண்டு போகவும் இரண்டு திரும்பவுமாக, 12 வோல்ட் அனுப்புவதாகக் கொள்வோம். தூரம் 60 மீட்டர் என்றால், போய்வரும் தடை சுமார் 5 ஓம். பகலில் கால் ஆம்பியர் ஓடினால் ஒன்றேகால் வோல்ட் குறையும். இரவில் அரை ஆம்பியர் ஓடினால் இரண்டரை வோல்ட் குறைந்து, கடைசியில் ஒன்பதரை வோல்ட்தான் மிஞ்சும். 12 வோல்ட் கேட்கும் காமிரா இதில் தடுமாறும்.

அதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால், எட்டில் ஒரு பங்கு ஆம்பியரே போதும். கேபிளில் இழப்பு முக்கால் வோல்ட்டுக்கும் குறைவு. இந்த அடிப்படையில் அமைந்ததே ‘பவர் ஓவர் ஈதர்நெட்’, சுருக்கமாக பி.ஓ.இ. முறை. ஒரே கேபிளில் படமும் மின்சாரமும் செல்வதால், கிணற்றடியில் தனியாக பிளக் தேவையில்லை.

எவ்வளவு வாட்?

இதற்கு மூன்று தரங்கள் உண்டு. 2003-ல் வந்த ‘ஏ.எப்.’ தரத்தில் சுவிட்ச் 15.4 வாட் கொடுக்கும். 100 மீட்டர் கடந்து காமிராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 2009-ல் வந்த ‘ஏ.டி.’ தரத்தில் 30 வாட் கொடுத்தால் 25.5 வாட் சேரும். 2018-ல் வந்த ‘பி.டி.’ தரம் இன்னும் அதிகம் கொடுக்கும். நிலையான சாதாரணக் காமிராவுக்குப் பெரும்பாலும் முதல் தரமே போதும். சுழன்று பார்க்கும் காமிராவுக்கு இரண்டாவது தேவைப்படலாம். காமிராவின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் அதிகபட்ச வாட் எவ்வளவு என்று பார்த்து வாங்குவது நலம்.

சுவிட்சின் மொத்த வாட்டையும் கவனிக்க வேண்டும். மொத்தம் 60 வாட் என்று குறித்த சுவிட்சில் 12 வாட் காமிரா நான்கு மாட்டினால் 48 வாட்; இது தாங்கும். அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு 25 வாட் சுழல் காமிராவை மாட்டினால் 61 வாட். இரவில் ஏதேனும் ஒன்று நின்று போகும்.

12 வோல்ட் காமிரா ஏற்கெனவே உள்ளவர்கள் அதை எறிய வேண்டியதில்லை. காமிரா முனையில் ‘ஸ்பிளிட்டர்’ என்ற சிறு கருவியைச் சேர்த்தால், 48 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கித் தரும். தரமான பி.ஓ.இ. சுவிட்ச், எதிர்முனையில் உள்ள கருவியைச் சோதித்த பின்னரே மின்சாரம் விடும். தரம் எதுவும் குறிக்காத மலிவுக் கருவிகளில் சில சோதிக்காமலே அனுப்பும். பொருந்தாத காமிரா கருகிவிடும்.

கேபிள் வாங்கும்போது

செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலை குறைவு. ஆனால் தடை செம்பைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு. கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதைத் தவிர்க்க வேண்டும். வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளைக் குழாயினுள் இழுத்தால் எலி கடிக்காது. மோட்டார் லைன் போகும் குழாயில் இதைச் சேர்த்து இழுக்கக் கூடாது. இடியின் பாதிப்பைக் குறைக்க, மின்னெழுச்சித் தடுப்பானும் நல்ல எர்த்தும் அவசியம்.

நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டரே எல்லை. கிணறு அதற்கு அப்பால் இருந்தால், இடையில் நீட்டிப்புக் கருவி வைக்கலாம். அதுவும் சிறிது வாட் எடுக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மின்வெட்டு நேரத்தில்

பி.ஓ.இ. சுவிட்ச், பதிவுக் கருவி, ரூட்டர் மூன்றையும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டால், கரண்ட் போனாலும் கிணற்றடிக் காமிரா நிற்காது. காமிராவுக்கென்று தனி பாட்டரி தேவையில்லை.

பொருத்துமுன் ஒரு சோதனை

வயலில் இழுக்க வேண்டிய கேபிள் முழுவதையும் முதலில் வீட்டிலேயே இணைத்து, காமிராவை இருட்டறையில் ஒரு மணி நேரம் ஓட விட வேண்டும். அகச்சிவப்பு விளக்கு எரிந்தும் படம் அறுபடாமல் வந்தால் மட்டுமே பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கலாம். இரவில், கேபிளின் கடைசி முனையில் கிடைக்கும் மின்சாரமே காமிராவின் மின்சாரம் என்பதை விவசாயிகள் மனத்தில் கொள்ள வேண்டும்.